நசாரியா மந்தையை இறக்கிய நாள்

மூன்றாம் நாள் காலையிலும் பனி விடவில்லை என்று கண்டதும் என் அண்ணி நசாரியா அடுப்பிலிருந்த சூப்பை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய்ப் பட்டியின் கல்சுவர் மேல் ஏறி நின்றாள். நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டிக்குள், கம்பளிக்காக நாங்கள் வளர்க்கும் நூற்றுப் பதினெட்டு அல்பாகாக்கள் கால்களை மடக்கி ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சாண் பனி. வழக்கமாக விடிந்ததும் முனகத் தொடங்கிவிடும். அன்று ஒரு முனகல்கூட இல்லை. பசித்த மந்தை முதலில் கத்தும், பிறகு கத்துவதை நிறுத்திவிடும். நிறுத்திவிட்டால் அதற்கப்புறம் நமக்கு இருப்பது ஒரு நாளோ ஒன்றரை நாளோதான்.

"பசிலியா, இன்னிக்கே இறக்கிடணும்," என்றாள் அண்ணி, திரும்பாமலே.

"எங்க இறக்கறது?"

"உமாசிக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் வரும் சிரிப்பு. "உமாசிக்கா? உங்க அண்ணன் மாலை போட்டு வரவேற்பாரா?"

"மாலை வேணாம். புல்லு போதும்."

என்னைவிட நான்கு வயது இளையவள். ஆனாலும் என் அண்ணன் செலெஸ்தினோவைக் கட்டியவள் என்பதால் எனக்கு அண்ணி. அப்போது அவளுக்கு முப்பது வயது. குட்டையான உருவம், அகன்ற தோள், பனிக் காற்றில் வெடித்த கன்னங்கள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் முடிவு எடுத்தாகிவிட்டது என்று பொருள்.

அவள் பிறந்தது உமாசியில். எங்கள் ஊர் அந்தகோச்சாவிலிருந்து மந்தையோடு நடந்தால் அரை நாள் இறக்கம். அங்கே ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சதுப்புப் புல்தரையில் எவ்வளவு பனி விழுந்தாலும் தங்காது, உருகிவிடும். அந்த ஊற்று யாருடையது என்று இரண்டு ஊருக்கும் பழைய சண்டை. பதினோரு வருடம் முன்பு அது முற்றி, இரண்டு பக்கத்து ஆட்களும் கவண் சுழற்றிக் கல்லெறிந்துகொண்டார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போன ஒரு கல் நசாரியாவின் அப்பாவுடைய இடது கண்ணைப் பறித்துவிட்டது. எறிந்தது யார் என்று யாருக்கும் தெரியாது. என் அண்ணனாகவும் இருக்கலாம். அவனும் அன்று அங்கே இருந்தான், நிறையக் கல் எறிந்தான்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு திருவிழா ஆட்டத்தில் நசாரியா செலெஸ்தினோவைப் பார்த்தாள். அந்த மாதமே போர்வை ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடைய அப்பா தன் வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் இறந்தபோது அவளை ஊருக்குள் விடவில்லை. அவளுடைய ஒரே அண்ணன் அம்ப்ரோசியோ ஒன்பது வருடமாக அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சந்தையில் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

இப்போது அவள் அங்கேதான் மந்தையை ஓட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள்.

செலெஸ்தினோ ஊரில் இல்லை. பத்து லாமாக்கள் மேல் உப்புக்கண்டமும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு, மாற்றிச் சோளம் வாங்கிவரக் கீழ்ப் பள்ளத்தாக்குக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. அண்ணியின் பிள்ளைகள் இருவரும் கீழே எங்கள் அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள். மேட்டு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான்கு லாமாக்கள் மிச்சம் இருந்தன. அவற்றில் மூத்ததன் பெயர் சிப்பாய். கழுத்தில் வெண்கல மணி, இடது காதில் சிவப்புக் குஞ்சம். எவ்வளவு பனி கிடந்தாலும் நெஞ்சால் தள்ளிக்கொண்டு போகும். அல்பாகாவுக்கு அந்தத் திறமை கிடையாது. கால் புதைந்தால் நின்றுவிடும், நின்றால் உட்கார்ந்துவிடும்.

நசாரியா கொட்டகைக்குள் போய், எரிக்கக் காயவைத்திருந்த புழுக்கை மூட்டைகளை இழுத்து வெளியே போட்டாள். எட்டு மூட்டை. பனிக்காலம் முழுக்க அதுதான் எங்கள் அடுப்பு.

"இத எதுக்கு எடுக்கறீங்க?"

"நாக்குல கொட்டறதுக்கு."

மலைச்சரிவில் பாதை ஒரு இடத்தில் ஓராள் அகலத்துக்குக் குறுகும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பாறையில் கசியும் ஊற்று பாதை மேல் வழிந்து உறைந்து, வெளியே நீட்டிய நாக்கு மாதிரி சரிவாகக் கிடக்கும். எங்கள் குளிர்காலமான ஆகஸ்டில் அதன் மேல் யாரும் மந்தையை ஓட்டமாட்டார்கள்.

"எட்டு மூட்டையையும் கொட்டிட்டா நாம எதுல சமைக்கறது? குளிர்ல செத்துப்போவோம், அண்ணி."

"மந்தையே போயிடுச்சுன்னா என்னத்த சமைப்ப? மூட்டையத் தூக்கு."

தூக்கி லாமாக்கள் மேல் ஏற்றினேன். அடுப்புச் சாம்பலையும் ஒரு சாக்கில் அள்ளிக் கட்டினாள். கிளம்பும்முன் பையிலிருந்து முழுசான கோக்கா இலைகள் மூன்றைப் பொறுக்கி, விரல்களுக்கு நடுவில் பிடித்து, எங்கள் காவல் மலையான யானாருமி இருக்கும் திசையில் காணிக்கையாக ஊதினாள். மலை மேகத்துக்குள் மறைந்திருந்தது.

"முகத்தையே காட்டல," என்றேன்.

"முகம் காட்டலன்னா என்ன, காது கேக்கும்ல."

நான்கு அல்பாகாக்கள் எழுந்திருக்கவே இல்லை. ஒன்றை வாலைப் பிடித்து நான் தூக்கிப் பார்த்தேன். முன்னங்கால் மண்டியிட்டபடியே இருந்தது. என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் தரையில் வைத்துவிட்டது. "விட்டுடு, பசிலியா," என்றாள் அண்ணி. குரல் கடுமையாக இருந்தது. ஆனால் அவளே போய் அந்த நான்கின் முதுகிலிருந்த பனியையும் கையால் வழித்துவிட்டுத்தான் வந்தாள்.

சிப்பாய் முன்னால், அதன் பின்னால் மற்ற மூன்று லாமாக்கள், அவை உழுத தடத்தில் மந்தை, கடைசியில் நான். நசாரியா சிப்பாயின் பக்கத்தில் நடந்தாள். சில இடங்களில் பனி அவள் இடுப்புவரை இருந்தது. காற்று மணலை வீசுவது போலப் பனியை முகத்தில் வீசியது. ஏதாவது ஒன்று உட்கார்ந்தால் நான் பின்னாலிருந்து முழங்காலால் இடித்து எழுப்பினேன். திட்டினேன், கெஞ்சினேன், ஒரு கட்டத்தில் அழுதேன் என்றுகூட நினைக்கிறேன். வயிற்றில் குட்டியோடு இருந்தவைதான் முதலில் தளர்ந்தன.

நாக்கை அடைந்தபோது முற்பகல். பனிக்கட்டி கண்ணாடி போலப் பச்சையாக மின்னியது. நீளம் முப்பது அடிதான். அதன் விளிம்புக்குக் கீழே பள்ளத்தில் மேகம் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

நசாரியா மண்டியிட்டு, புழுக்கையைக் கல்லால் நசுக்கிக் கைப்பிடி கைப்பிடியாகப் பரப்பிக்கொண்டே ஊர்ந்தாள். மேலே சாம்பல் தூவினாள். ஊசியும் நூலும் வைத்துத் தைப்பவள் போல அவசரமே படவில்லை. எட்டு மூட்டையும் தீர்ந்தபோது அந்தப் பச்சைக் கண்ணாடி மேல் இரண்டு முழ அகலத்தில் ஒரு கறுப்புப் பாதை கிடந்தது.

சிப்பாய் முகர்ந்து பார்த்தது. தன் சாணத்தின் வாசனை. காலை வைத்தது. மணி ஒருமுறை அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. மற்ற லாமாக்களும் போயின. பிறகு அல்பாகாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மூக்கு முன்னதன் வால்மேல் இடிக்க, போகத் தொடங்கின.

பாதிக்கு மேல் போயிருக்கும். ஒரு வெள்ளைப் பெட்டை கறுப்புப் பாதையை விட்டு ஒரு கால் வெளியே வைத்தது. அவ்வளவுதான். பின்பக்கம் வழுக்கி, விளிம்பில் ஒரு கணம் முன்னங்கால்களால் சுரண்டியது, காணாமல் போனது. கீழே விழுந்த சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை.

மந்தை உறைந்து நின்றது. பனிக்கட்டி மேல் நின்றவை திரும்பப் பார்த்தன. அவற்றில் ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும், திரும்ப இடம் கிடையாது. நான் கத்த வாயைத் திறந்தேன். மறுமுனையிலிருந்து நசாரியா கை காட்டி என்னை அடக்கினாள். பிறகு, தினமும் காலையில் பட்டியின் வாயைத் திறக்கும்போது பேசுவாளே, அதே குரலில், "வாங்கடி, வாங்க, சோம்பேறிங்களா, வெயில் ஏறிடுச்சு, வாங்க," என்றாள். வெயிலே இல்லை. ஆனால் ஒரு பழுப்புக் கிழவி அல்பாகா காதை முன்னால் திருப்பி, அந்தக் குரலைப் பார்த்து ஒரு அடி வைத்தது. மற்றவை தொடர்ந்தன.

கடைசியாக நான் தாண்டினேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள். "வெள்ளச்சியோட குட்டி தேடுது பாரு," என்றாள். போன வருடத்துக் குட்டி ஒன்று மந்தைக்குள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடித்துத் தன் இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டாள்.

மேகத்துக்குக் கீழே இறங்கியதும் பனி விழுவது நின்றது. உமாசியின் எல்லைச் சுவர் தெரிந்தது. சுவருக்கு அப்பால் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஆவிக்கு நடுவில் பச்சை! மூன்று நாளாக வெள்ளையைத் தவிர வேறு எதையும் பார்க்காத கண்ணுக்கு அந்தப் பச்சை வலித்தது. மந்தை ஒரே நேரத்தில் முனகத் தொடங்கியது.

சுவர்மேல் எட்டுப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். நடுவில் அம்ப்ரோசியோ. உயரமான ஆள், தங்கையைப் போலவே அகன்ற தோள். கவணைச் சுழற்றினான். கல் சிப்பாயின் காலடியில் வந்து விழுந்து பனியைக் கிளப்பியது.

"திரும்பிப் போ, அந்தகோச்சாக்காரி!"

நசாரியா நிற்கவில்லை. இரண்டாவது கல் அவளுடைய முன்கையில் பட்டது. பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவள் கையைப் பார்க்கவே இல்லை.

"என்மேல எறி, அண்ணே. எவ்வளவு வேணாலும் எறி. வாயில்லா ஜீவனுங்கள அடிச்சிடாத."

"அப்பன் கண்ணப் பறிச்சவன் வீட்டு மந்தைக்கு இங்க புல்லு கிடையாது."

"மந்தையா எறிஞ்சுது?"

சுவர்மேல் யாரோ இருமினார்கள். சிரிப்பை அடக்கிய இருமல். அம்ப்ரோசியோ மூன்றாவது கல்லைக் கவணில் வைத்தான், ஆனால் சுழற்றவில்லை.

அப்போதுதான் நசாரியா அவனைத் தாண்டி மேலே பார்த்தாள். ஊற்றுக்குப் பின்னால் எழும் சரிவில், உயரத்தில் ஒரு பட்டி. அதற்குள் அசையாத புள்ளிகள்.

"அது யாரோட மந்தை?" என்று கேட்டாள்.

சுவரின் கோடியில் நின்றிருந்த ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, தியோனிசியா என்று பெயர், தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "என்னோடது. அம்ப்ரோசியோவோடதும்தான். அறுபது இளசுங்க. மேல ஓட்டின அன்னிக்கே பனி புடிச்சிக்கிச்சு. நடுவுல ஆள் உயரத்துக்குக் கெடக்கு, போக முடியல," என்றாள்.

"உங்க லாமாங்க?"

"சோளத்துக்குப் போயிருக்கு."

நசாரியா சிப்பாயின் கழுத்தில் கை வைத்தாள். "எங்கிட்ட நாலு இருக்கு. வழி திறந்து உங்களோடத இறக்கித் தரேன். எங்களோடது மேயட்டும்."

"உன் தயவு வேணாம்," என்றான் அம்ப்ரோசியோ.

"தயவுன்னு யார் சொன்னா? பண்டமாத்து."

தியோனிசியா அவன் பக்கம் திரும்பினாள். "நீ கவணச் சுத்திக்கிட்டே இருப்பா. உன் தோள் வலிக்கறதுக்குள்ள என் குட்டிங்க விறைச்சுப் போயிடும். பரவால்ல, உன் மானம் விறைக்காம இருந்தா சரி."

அவன் முகம் சிவந்தது. கவணிலிருந்த கல்லைத் தரையில் உதறினான். பிறகு, "மொதல்ல நம்மளோடது இறங்கட்டும். அதுக்கப்புறந்தான் இதுங்க உள்ள வரும். நானும் கூடப் போறேன். இவள நம்ப முடியாது," என்றான், எல்லோரிடமும், அவளைத் தவிர.

நசாரியா வீங்கத் தொடங்கியிருந்த கையைத் துணியால் கட்டிக்கொண்டு, "பசிலியா, இதுங்கள உட்காரவிடாத," என்று மட்டும் சொன்னாள். அண்ணனும் தங்கையும் நான்கு லாமாக்களோடு சரிவில் ஏறினார்கள். இருவருக்கும் நடுவில் இரண்டு லாமா தூரம்.

நான் சுவருக்கு வெளியே மந்தையோடு நின்றேன். புல்லின் வாசனை பட்டு அவை சுவரில் நெஞ்சை வைத்துத் தள்ளின. ஒன்று என் கண்ணெதிரே உட்கார்ந்தது, பக்கவாட்டில் சாய்ந்தது, செத்தது. பச்சைப் புல்லுக்கும் அதற்கும் பத்து அடி. என்னைக் கல்லால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சரிவில் சிப்பாயின் மணிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்க்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கிட்டோம். பாதிக்கு மேல் போனபோது, மலை பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம். சரிவின் ஒரு துண்டு அப்படியே நழுவியது. வெண்புழுதி எழுந்து எல்லாவற்றையும் மூடியது.

மணி நின்றுவிட்டது.

சுவர்மேல் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். புழுதி அடங்கப் பொறுத்துப் பார்த்தோம். சரிவில் மனித உருவம் எதுவும் தெரியவில்லை. தியோனிசியா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் காலடியிலிருந்த கல்லைப் பெயர்த்துக் கீழே உருட்டினாள். அடுத்த கல். அதற்கடுத்தது.

"அம்ப்ரோசியோ சொன்னது..." என்று ஒருவன் இழுத்தான்.

"சொன்னவன் மேல கெடக்கறான். நீ வந்து கல்லப் புடி."

சுவரில் வாய் திறந்தது. மந்தை என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் நான்கு பேர் மண்வெட்டியோடு தடத்தில் ஏற ஓடினார்கள்.

மேலே நடந்ததை நான் இரண்டு பேரிடமும் பின்னால் கேட்டேன். அம்ப்ரோசியோ சொல்வது: பனி அவனை மார்புவரை புதைத்தது, கொஞ்சம் முயன்று அவனே வெளியே வந்துவிட்டான், தங்கை பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். நசாரியா இதை மறுத்ததில்லை. அவள் சொல்லும் கதை சின்னது. அண்ணனுடைய தொப்பி மட்டும் தெரிந்தது. கையால் தோண்டினாள். அவன் வாயிலிருந்த பனியை விரலால் எடுத்தாள். மூட்டை கட்டும் கயிற்றை அவன் அக்குளில் மாட்டி, மறுமுனையை ஒரு லாமாவின் கழுத்தில் கட்டி இழுக்கச் சொன்னாள். "விட்டுட்டுப் போ, இன்னும் சரியும்," என்று அவன் சொன்னானாம். "வாய மூடிக்கிட்டுக் கயித்தப் புடி," என்று இவள் சொன்னாளாம். சுவரில் கத்திக்கொண்டதை விட்டால், ஒன்பது வருடத்தில் நேருக்கு நேர் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

சிப்பாயைச் சரிவு கொண்டுபோய்விட்டது. மற்றொரு லாமாவுக்குக் கால் ஒடிந்தது. மிச்சம் இரண்டு.

மண்வெட்டிக்காரர்கள் போய்ச் சேர்ந்தபோது அம்ப்ரோசியோ பனியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நசாரியா இரண்டு லாமாக்களையும் முன்னால் தள்ளிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தாள். பண்டமாற்று இன்னும் முடியவில்லை அல்லவா! மலைக்குப் பின்னால் வெளிச்சம் மஞ்சளாகும் நேரத்தில் அவள் திறந்த தடத்தில் இளசுகள் வரிசையாக இறங்கி வந்தன. அறுபதில் ஐம்பத்திரண்டு. தியோனிசியா ஒவ்வொன்றின் காதையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அண்ணியின் ஒரு கை முழங்கைவரை நீலமாகியிருந்தது. சுவர் திறந்து கிடப்பதையும் எங்கள் மந்தை மேய்வதையும் பார்த்தாள். ஒரு கல்மேல் உட்கார்ந்தாள். அப்படியே உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். சூப் கொண்டுவந்த பெண் அவளை எழுப்ப மனமில்லாமல் கிண்ணத்தோடு நின்றாள்.

பதினோரு நாள் உமாசியில் இருந்தோம். யாரும் விருந்து வைக்கவில்லை, பாட்டுப் பாடவில்லை. கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கடந்து போனவர்களும் இருந்தார்கள். ஆனால் தினமும் காலையில் நாங்கள் தங்கிய கொட்டகை வாசலில் ஒரு சாக்குப் புழுக்கை இருந்தது. யார் வைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. நான்காம் நாள் அம்ப்ரோசியோ வந்து வாசலில் நின்று, "அப்பா கல்லறைக்குப் போறேன். வர்றதுன்னா வா," என்றான். அவள் எழுந்து போனாள். இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

செலெஸ்தினோ திரும்பி வந்து, காலி வீட்டையும் பட்டியில் செத்துக் கிடந்த நான்கையும் பார்த்து, நாங்களும் செத்துப்போய்விட்டோமோ என்று பயந்து, நாக்கில் கறுப்புப் பாதையைக் கண்டு அது வழியாகவே ஓடி வந்தான். சுவரில் அவனைத் தடுத்து நிறுத்தியவன் அம்ப்ரோசியோ. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அம்ப்ரோசியோ, "உன் பொண்டாட்டி கை ஒடிஞ்சிருக்கு. எலும்பு கட்டறவளக் கூட்டிட்டு வந்தேன். நீ கட்டு அவுக்காம பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பதினோரு வருடம் முன்பு கண்ணைப் பறித்த கல் யாருடையது என்பதை இருவரும் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

வழியில் விழுந்ததும் உமாசியில் பிறகு தளர்ந்து செத்ததுமாக, அந்தப் பனியில் நாங்கள் மொத்தம் முப்பத்தொன்றை இழந்தோம். பக்கத்துக் குன்றில் இருந்த குடும்பங்கள் பாதிக்கு மேல் இழந்தன. நசாரியாவின் கை சரியாகச் சேரவில்லை. குளிர்நாளில் பாத்திரம் பிடிக்க முடியாது. அடுத்த ஆண்டிலிருந்து பனி கனத்தால் உமாசியிலிருந்து முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும்: எத்தனை உருப்படி இறக்குவீர்கள், எத்தனை லாமா தருவீர்கள் என்று. எழுதிக் கையெழுத்துப் போட்ட உடன்பாடு எதுவும் கிடையாது. எழுதினால் சண்டை வரும் என்று அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்தப் பனிக்கு அடுத்த பிப்ரவரியில் குட்டி ஈனும் காலம் வந்தபோது நாங்கள் பயந்துகொண்டே இருந்தோம். பசியில் நிறையப் பெட்டைகள் செப்டம்பரிலேயே கருவைக் கலைத்துவிட்டிருந்தன. முதல் வாரம் பிறந்தது இரண்டு, இரண்டும் செத்துப் பிறந்தவை. அண்ணி அவற்றைப் புதைத்தாள். இரண்டாம் வாரம் ஒரு நாள் வெயில் நன்றாக அடித்தது. காலை ஒன்பது மணிக்கு ஒரு பழுப்புப் பெட்டை தனியே போய் நின்றது. பதினொரு மணிக்குள் அதற்கும் வேறு இரண்டு பெட்டைகளுக்குமாக மூன்று குட்டிகள். ஈரம் காயாத மூன்றும் எழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தன. மேலே ஒரு ராஜாளி குட்டிகளுக்காக வட்டமிட்டது. நசாரியா நல்ல கையால் தொப்பியைக் கழற்றி வீசிக்கொண்டு, கத்திக்கொண்டு, புல்தரை முழுக்க ஓடினாள். மதியம் வரை நாங்கள் இருவரும் மாறி மாறி ஓடினோம். நான்காவது குட்டி தலை நீட்டும்போதுதான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.